புற்றுநோய்ச் சிகிச்சை முடிந்த பிறகு யாரிடம் போவது?

கேள்வி கேட்டவர் எழுதியதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அவருடைய அம்மாவுக்கு வயது 54. மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை, கீமோ, ரேடியேஷன் எல்லாம் முடிந்து நான்கு மாதம் ஆகிறது. இப்போது தினமும் ஒரு ஹார்மோன் மாத்திரை மட்டும்தான். "ரிப்போர்ட் எல்லாம் நன்றாக இருக்கிறது, மூன்று மாதம் கழித்து வாருங்கள்" என்று டாக்டர் அனுப்பிவிட்டார். ஆனால் சிகிச்சை நடந்தபோது தைரியமாக இருந்த அம்மா இப்போதுதான் ஓய்ந்து போயிருக்கிறார். இரவில் தூங்குவதில்லை. முதுகில் லேசாக வலித்தாலும் பயந்து அழுகிறார். அப்பா வாய் திறப்பதே இல்லை. மகளுக்கும் தூக்கம் போய்விட்டது. "சிகிச்சைக்குப் பிறகு நோயாளிக்கும் குடும்பத்துக்கும் உதவுகிற சேவைகள் என்னென்ன இருக்கின்றன?" என்று கேட்டிருக்கிறார்.

நீங்கள் கேட்டது ஒரு பட்டியல். ஆனால் நீங்கள் எழுதியதைப் படித்தால் அதற்குள் வேறு இரண்டு கேள்விகள் இருப்பது தெரிகிறது. அம்மா இப்படி இருப்பது இயல்புதானா என்பது ஒன்று. இனி அம்மாவைப் பார்த்துக்கொள்வது யார் பொறுப்பு என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு உறுதியாகவே பதில் சொல்லலாம்: ஆம், இது மிகவும் சகஜம். இரண்டாவதற்குத்தான் கொஞ்சம் நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

நான் புற்றுநோய் மருத்துவமனை ஒன்றின் மறுவாழ்வுப் பிரிவில் 17 வருடமாக ஆலோசகராக வேலை செய்கிறேன். டாக்டர் இல்லை. அதனால் எந்த மருந்தை நிறுத்தலாம், எந்த ஸ்கேன் எடுக்கலாம் என்றெல்லாம் உங்கள் அம்மாவுக்காக நான் முடிவு சொல்ல முடியாது. சிகிச்சை முடிந்து வெளியே வந்தவர்கள் எங்கே தடுமாறுகிறார்கள், அப்போது யார் கை கொடுத்தால் பலன் இருக்கிறது என்பதைத்தான் எனக்குத் தெரிந்தவரை சொல்லப்போகிறேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் பார்த்த ஒரு காட்சி இன்றைக்கும் கண் முன்னால் இருக்கிறது. ஏழு வாரம் ரேடியேஷன் எடுத்துக்கொண்ட ஒருவர், அது முடிந்து அடுத்த திங்கட்கிழமை காலை அதே நேரத்துக்கு வந்து, வழக்கமாக உட்காரும் அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மடியில் ஃபைல், அதன் மேல் தண்ணீர் பாட்டில். பெயரைக் கூப்பிடும் நர்ஸ் குழம்பிப்போய் என்னிடம் வந்து சொன்னார். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, ஏதாவது தொந்தரவா என்று கேட்டேன். "ஒன்றும் இல்லம்மா. இங்கே இருந்தால் யாராவது பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று ஒரு நிம்மதி" என்றார். அவருக்கு மனநோய் எதுவும் இல்லை. ஏழு வாரமாகத் தினமும் ஒரு இடம், ஒரு நேரம், பெயர் சொல்லிக் கூப்பிட ஒரு ஆள் என்று இருந்தது, ஒரே நாளில் நின்றுபோனது. உங்கள் அம்மாவுக்கும் அதேதான் நடந்திருக்கும் என்று நினைக்கிறேன். சிகிச்சை ஓடும்போது அடுத்த ஊசி எப்போது, ரத்த அணுக்கள் எவ்வளவு என்று மனம் வேலையாகவே இருக்கும். எல்லாம் முடிந்த பிறகுதான் நமக்கு என்ன ஆகியிருக்கிறது என்பதே உறைக்கும். அந்த நேரம் பார்த்து, சுற்றி இருப்பவர்கள் "அதான் சரியாகிவிட்டதே" என்று அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார்கள்.

இதை முதலில் தெளிவாக எழுதியவர்களில் ஒருவர் ஃபிட்ஸ்ஹியூ முல்லன் என்ற அமெரிக்க டாக்டர். 32 வயதில் அவருக்கே நெஞ்சுக்கூட்டில் புற்றுநோய் வந்தது. 1985-இல் ஒரு மருத்துவ இதழில் தன் அனுபவத்தை எழுதினார். தண்ணீரில் மூழ்குகிறவர்களைக் காப்பாற்றப் பெரிய பெரிய வித்தைகளைக் கண்டுபிடித்துவிட்டோம், ஆனால் கரைக்கு இழுத்துப் போட்டதும் அங்கேயே இருமிக்கொண்டு கிடக்கட்டும் என்று விட்டுவிடுகிறோம் என்பது அந்தக் கட்டுரையின் சாரம். அடுத்த வருடம் அவரும் இன்னும் சிலரும் சேர்ந்து, நோயிலிருந்து மீண்டவர்களுக்காக ஒரு தேசியக் கூட்டமைப்பைத் தொடங்கினார்கள். நோய் கண்டுபிடிக்கப்பட்ட நாளிலிருந்தே ஒருவர் மீண்டு வாழ்பவர்தான் என்று அவர்கள் வரையறுத்தார்கள். பிற்பாடு அந்த வரையறைக்குள் குடும்பத்தாரையும் கவனித்துக்கொள்பவர்களையும் சேர்த்துக்கொண்டார்கள். உங்களுக்கும் அப்பாவுக்கும் உதவி கேட்பது அதிகப்படியான ஆசை ஒன்றும் இல்லை என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

சரி, யார் பொறுப்பு? உண்மை என்னவென்றால், பல இடங்களில் அது யார் பொறுப்பு என்று யாருமே முடிவு செய்திருப்பதில்லை. புற்றுநோய் டாக்டர் நோய் திரும்புகிறதா என்று பார்க்கிறார். குடும்ப டாக்டர், இது பெரிய டாக்டர் சமாச்சாரம் என்று ஒதுங்கிக்கொள்கிறார். நடுவில் நோயாளி நிற்கிறார். அமெரிக்காவின் இன்ஸ்டிட்யூட் ஆஃப் மெடிசின் என்ற மருத்துவ ஆலோசனை நிறுவனம் 2005-இல் இதைப் பற்றி ஒரு பெரிய அறிக்கையே வெளியிட்டது. சிகிச்சை முடிகிற ஒவ்வொருவர் கையிலும், என்ன சிகிச்சை நடந்தது, இனி என்ன கவனிக்க வேண்டும் என்று எழுத்தில் ஒரு தாளைக் கொடுத்து அனுப்ப வேண்டும் என்பது அதன் முக்கியமான பரிந்துரை. அதனால் சேவைகளைத் தேடிப் போவதற்கு முன்னால் இந்தத் தாளைக் கேட்டு வாங்குங்கள். டிஸ்சார்ஜ் சம்மரி போதாது. நோய் எந்த வகை, எந்தக் கட்டம், என்ன அறுவை சிகிச்சை, அக்குளில் எத்தனை நிணநீர் முடிச்சுகள் எடுக்கப்பட்டன, எந்தெந்தக் கீமோ மருந்து மொத்தம் எவ்வளவு, ரேடியேஷன் எந்தப் பக்கம், எந்த அளவு, மாத்திரை எத்தனை வருடம், எந்தப் பரிசோதனை எப்போது, தொந்தரவு வந்தால் யாரை எந்த எண்ணில் கூப்பிடுவது, இவ்வளவும் அதில் இருக்க வேண்டும். கீமோ மருந்துகளில் சில வருடங்கள் கழித்து இதயத்தைப் பாதிக்கக்கூடியவை உண்டு. இன்னும் 15 வருடம் கழித்து வேறு ஊரில் ஒரு இதய டாக்டர் முன்னால் அம்மா உட்கார்ந்திருக்கும்போது "சிவப்பு நிறத்தில் ஒரு மருந்து ஏற்றினார்கள்" என்று சொல்வதைவிட, மருந்தின் பெயரையும் அளவையும் காட்டுவது எவ்வளவோ மேல்.

அந்தத் தாள் மனதை ஆற்றும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள். கனடாவில் மார்பகப் புற்றுநோயிலிருந்து மீண்ட 408 பெண்களை வைத்து ஒரு ஆய்வு நடந்து 2011-இல் முடிவு வெளியானது. இப்படிப்பட்ட தாள் வாங்கியவர்களுக்கும் வாங்காதவர்களுக்கும் மனவேதனையில் வித்தியாசம் தெரியவில்லை. என் அனுபவமும் அதுதான். தாள் தகவலுக்கு உதவும். பயத்துக்கு ஆள் வேண்டும்.

அப்புறம், "சேவைகள்" என்று மொத்தமாகத் தேடினால் தலைதான் சுற்றும். என்ன தொந்தரவு என்று பெயர் வைத்துவிட்டால், அதற்குரிய ஆள் யார் என்பது பெரும்பாலும் தானே தெரிந்துவிடும். நீங்கள் எழுதியதில் முதலில் நிற்பது சோர்வு. இது வேலை செய்து களைத்துப்போன சோர்வு இல்லை. எட்டு மணி நேரம் படுத்து எழுந்தாலும் போகாது. குளித்துவிட்டு வந்தாலே உட்கார வேண்டும் போல இருக்கும். இதற்குச் சரிசெய்யக்கூடிய காரணங்கள் இருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள். ரத்தசோகை, தைராய்டு குறைவு, தூக்கக் கெடுதல், மனச்சோர்வு, வலி, வேறு மாத்திரைகளின் விளைவு என்று பல இருக்கலாம். சாதாரண ரத்தப் பரிசோதனைகளிலேயே பாதி விஷயம் தெரிந்துவிடும். இவை எதுவும் இல்லை என்றால், கேட்க விநோதமாக இருந்தாலும், நன்றாக நிரூபிக்கப்பட்ட மருந்து உடற்பயிற்சிதான். 113 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்து 2017-இல் வெளியான ஒரு அலசலில், இந்தச் சோர்வுக்கு மாத்திரைகளைவிட உடற்பயிற்சியும் மனப்பயிற்சியும் தெளிவாக நன்றாக வேலை செய்தன. வாரத்துக்கு மூன்று நாள் 30 நிமிடம் மூச்சு கொஞ்சம் வாங்கும்படி நடப்பது, இரண்டு நாள் தசைகளுக்கான பயிற்சி, இப்படி எட்டிலிருந்து 12 வாரம் என்பது 2019-இல் பல நாட்டு நிபுணர்கள் கூடிச் சொன்ன அளவு. முதல் நாளே அரை மணி நேரம் நடக்க வைக்காதீர்கள். ஐந்து நிமிடத்தில் தொடங்கி, மறுநாள் உடம்பு எப்படி இருக்கிறது என்று பார்த்துக் கூட்டுங்கள். இதற்குரிய ஆள் புற்றுநோயாளிகளோடு பழகிய பிசியோதெரபிஸ்ட். வீட்டில் எல்லாரும் அன்பின் பேரில் "நீங்கள் படுத்துக்கொள்ளுங்கள், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று சொல்லியே அம்மாவை இன்னும் பலவீனமாக்கிவிடும் ஆபத்தும் இருக்கிறது. அதை அடிக்கடி பார்க்கிறேன்.

உடற்பயிற்சி நோய் திரும்பாமல் தடுக்குமா என்று அடுத்து கேட்பார்கள். இங்கே கவனமாகப் பேச வேண்டும். பெருங்குடல் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சையும் கீமோவும் முடித்த 889 பேரை வைத்து நடந்த ஆய்வு 2025-இல் வெளியானது. மூன்று வருடம் பயிற்சியாளர் துணையோடு உடற்பயிற்சி செய்தவர்களில் ஐந்து வருட முடிவில் நோய் இல்லாமல் இருந்தவர்கள் 80.3 சதவீதம். புத்தகம் மட்டும் கொடுத்து அனுப்பப்பட்டவர்களில் 73.9 சதவீதம். இது பெரிய செய்திதான். ஆனால் அது குடல் புற்றுநோய்க்கான முடிவு. மார்பகத்துக்கும் அப்படியே பொருந்தும் என்று இன்று யாரும் அடித்துச் சொல்ல முடியாது. சோர்வு குறையும் என்பதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது, தூக்கமும் மேம்படலாம். அம்மா நடப்பதற்கு அதுவே போதுமான காரணம்.

இனி பயம். முதுகு வலித்தால் எலும்புக்கு வந்துவிட்டதோ, தலை வலித்தால் மூளைக்குப் போய்விட்டதோ என்று ஓடும் மனதைப் பற்றி எழுதியிருந்தீர்கள். நோய் திரும்பிவிடுமோ என்ற பயம் இல்லாத ஒருவரைக்கூட இத்தனை வருடத்தில் நான் பார்த்ததில்லை. அதை முழுக்கத் துடைத்துவிட முடியாது. அன்றாட வாழ்க்கையை அது ஆள விடாமல் வைக்க முடியும். "நினைக்காதே" என்று சொல்வது பலிக்காது. நினைக்காதே என்றால்தான் அதிகம் நினைப்பு வரும். ஆஸ்திரேலியாவில் 222 பேரை வைத்து நடந்து 2017-இல் வெளியான ஆய்வில், இதற்கென்றே பயிற்சி பெற்ற உளவியலாளரோடு ஐந்து அமர்வுகள் பேசியவர்களின் பயம், வெறுமனே உடம்பைத் தளர்த்தும் பயிற்சி செய்தவர்களைவிட அதிகமாகக் குறைந்தது. ஐந்தே அமர்வுகள். வருடக்கணக்கில் கவுன்சலிங் போக வேண்டுமே என்று தயங்குபவர்களிடம் இதை நான் எப்போதும் சொல்வேன்.

வீட்டில் செய்யக்கூடியதையும் சொல்லிவிடுகிறேன். நாங்கள் சொல்லிக்கொடுக்கிற இரண்டு வார வழக்கம் ஒன்று உண்டு. புதிதாக ஒரு வலி வந்தால் தேதியோடு ஒரு நோட்டில் எழுதி வைப்பது. வந்து தானாகப் போய்விட்டால் விட்டுவிடலாம். இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தாலோ, நாளுக்கு நாள் கூடினாலோ, அடுத்த செக்கப் தேதி வரை காத்திருக்காமல் டாக்டரிடம் காட்ட வேண்டும். மூச்சுத்திணறல், காரணமில்லாமல் எடை குறைவது, புதிய கட்டி, வாந்தியோடு வரும் கடுமையான தலைவலி, கால் திடீரென்று பலவீனமாவது, இவற்றுக்கு இரண்டு வாரக் கணக்கே கிடையாது. உடனே போய்விட வேண்டும். இந்த நோட்டு எதற்கு என்றால், ராத்திரி இரண்டு மணிக்கு மனதில் சுற்றுகிற பயத்தை இறக்கி வைக்க ஒரு இடம் கிடைக்கிறது. எழுதியாகிவிட்டது, தேதி போட்டாகிவிட்டது, இனி அது நோட்டின் வேலை.

இதோடு ஒட்டிய இன்னொன்று. பயம் அதிகமானால் குடும்பங்கள் "எல்லா ஸ்கேனும் எடுத்துப் பார்த்துவிடலாம்" என்று கிளம்பிவிடுவார்கள். மார்பகப் புற்றுநோயைப் பொறுத்தவரை, அறிகுறி எதுவும் இல்லாதவர்களுக்கு அடிக்கடி எலும்பு ஸ்கேன், நெஞ்சுப் படம் என்று எடுத்துக்கொண்டே இருந்தால் ஆயுள் கூடுகிறதா என்று இத்தாலியில் இரண்டு பெரிய ஆய்வுகள் நடந்து 1994-இல் முடிவு வந்தது. கூடவில்லை. டாக்டரின் உடல் பரிசோதனையும் வருடாந்திர மேமோகிராமும் (மார்பக எக்ஸ்ரே) முக்கியம். மற்றவை அறிகுறி இருந்தால்தான். டாக்டர் ஸ்கேன் எழுதவில்லை என்றால் அலட்சியம் என்று நினைத்துவிடாதீர்கள். வேறு வகைப் புற்றுநோய்களுக்குக் கணக்கு வேறு. குடலுக்கு ரத்தப் பரிசோதனையும், குழாய் கேமராவால் குடலுக்குள் பார்க்கும் கொலோனோஸ்கோப்பியும் குறிப்பிட்ட இடைவெளியில் கட்டாயம்.

தூக்கத்துக்கு மாத்திரை கேட்பதற்கு முன்னால், தூக்கமின்மைக்கென்றே உள்ள நடத்தைச் சிகிச்சையைப் பற்றி விசாரியுங்கள். சில வார அமர்வுகள்தான். படுக்கையில் விழித்துக் கிடக்கும் நேரத்தைக் குறைப்பது, எழும் நேரத்தை ஒரே மாதிரி வைப்பது போன்ற எளிய, ஆனால் கறாரான முறை அது. புற்றுநோயிலிருந்து மீண்டவர்களிடமும் நன்றாக வேலை செய்கிறது.

அம்மாவுக்கு அக்குளில் முடிச்சுகள் எடுத்திருந்தால் அந்தப் பக்கக் கையைப் பற்றித் தெரிந்துகொள்ளுங்கள். நிணநீர் வடிய வழியில்லாமல் கையில் தேங்குவதுதான் நிணநீர் வீக்கம். கண்ணுக்கு நன்றாகத் தெரிவதற்கு முன்பே கனம், இறுக்கம் என்று அது உணர்வில் தெரியலாம். என்னிடம் வந்த ஒரு பெண்மணி, கைக்கடிகாரப் பட்டையை வழக்கமான ஓட்டையில் மாட்ட முடியவில்லை, அடுத்த ஓட்டையில்தான் மாட்டுகிறது என்று பேச்சோடு பேச்சாகச் சொன்னார். மணிக்கட்டில் பட்டையின் தடம் பதிந்திருந்தது. அன்றே அளந்து பார்த்ததில் வீக்கம் ஆரம்பித்திருந்தது. ஆரம்பத்திலேயே பிடித்ததால், கையை இறுக்கிப் பிடிக்கும் அழுத்த உறையும் பயிற்சியும் போதுமாக இருந்தது. இதற்குரிய ஆள் நிணநீர் வீக்கச் சிகிச்சையில் தனிப் பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்ட். கை சிவந்து, சூடாகி, காய்ச்சலும் வந்தால் அது தொற்று. அன்றே டாக்டரைப் பார்க்க வேண்டும். "அந்தக் கையால் எதையும் தூக்கவே கூடாது" என்று பழைய அறிவுரை ஒன்று சுற்றிக்கொண்டிருக்கிறது. ஏற்கெனவே வீக்கம் உள்ள 141 பெண்களை வாரம் இரண்டு முறை, அழுத்த உறை போட்டுக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாக எடை கூட்டித் தூக்க வைத்துப் பார்த்தார்கள். 2009-இல் வந்த முடிவு: வீக்கம் கூடவில்லை, திடீரென்று மோசமாவது குறைந்தது. பயிற்சியாளர் மேற்பார்வையில் படிப்படியாகச் செய்ததால் கிடைத்த பலன் அது என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

ஹார்மோன் மாத்திரையைப் பற்றி ஒரு வார்த்தை. சிகிச்சை முடிந்துவிட்டது என்று எல்லாரும் சொல்கிறோமே, அந்த மாத்திரை ஐந்து வருடமோ அதற்கு மேலோ ஓடும். மாதவிடாய் நின்றவர்களுக்குக் கொடுக்கிற ஒரு வகை மாத்திரையில் காலையில் எழும்போது மூட்டெல்லாம் பிடித்துக்கொள்ளும், எலும்பும் தேயலாம். பலர் வலி தாங்காமல் யாருக்கும் சொல்லாமல் நிறுத்திவிடுகிறார்கள். தயவுசெய்து அதை அம்மா செய்யாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மாற்று மாத்திரை உண்டு, வலியைக் குறைக்க வழி உண்டு. சொன்னால்தான் டாக்டருக்குத் தெரியும். கீமோவால் விரல் நுனி மரத்துப்போனாலும் இப்படித்தான் டாக்டரிடம் சொல்ல வேண்டும். அதற்கு ஊட்டச்சத்து மாத்திரைகளை நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள். கீமோ எடுப்பவர்களுக்கு நரம்புக்கு நல்லது என்று அசிடைல் கார்னிட்டின் என்ற ஊட்டச்சத்தைக் கொடுத்துப் பார்த்த ஆய்வில், அது மரத்துப்போதலை அதிகமாக்கிவிட்டது.

மகளாக நீங்கள் கேட்க முடியாத ஒன்றும் இருக்கிறது. தாம்பத்திய வாழ்க்கையில் வறட்சி, வலி, தன் உடம்பைத் தானே பார்க்கக் கூச்சம், இவை இந்தச் சிகிச்சைக்குப் பிறகு மிகவும் சாதாரணம். டாக்டர் கேட்பதில்லை, நோயாளி சொல்வதில்லை. இருவருக்கும் இடையில் அது அப்படியே கிடந்துவிடுகிறது. அடுத்த செக்கப்பில் ஐந்து நிமிடம் நீங்கள் வெளியே இருங்கள். அம்மா தனியாகப் பேசட்டும், முடிந்தால் பெண் நர்ஸிடம்.

அடுத்தது ஆதரவுக் குழுக்கள், அதாவது இதே நோயைப் பார்த்தவர்கள் கூடிப் பேசும் குழுக்கள். தெரீஸ் லாசர் என்ற அமெரிக்கப் பெண்மணி மார்பக அறுவை சிகிச்சைக்குப் பிறகு, தன்னைப் போன்றவர்களை நேரில் போய்ப் பார்த்துப் பேச 1952-இல் ஆரம்பித்தார். அங்கிருந்து தொடங்கிய அந்த வழக்கம் இன்று உலகம் முழுக்க இருக்கிறது. குழுவில் சேர்ந்தால் ஆயுள் கூடும் என்ற பேச்சு உங்கள் காதில் விழலாம். அது எங்கிருந்து வந்தது என்று சொல்கிறேன். நோய் பரவிய 86 பெண்களை வைத்து நடந்து 1989-இல் வெளியான ஆய்வில், குழுவில் இருந்தவர்கள் ஏறத்தாழ இரண்டு மடங்கு காலம் வாழ்ந்தார்கள். எல்லாரும் பரபரப்பானார்கள். ஆனால் 235 பெண்களோடு அதையே மறுபடி செய்து பார்த்து 2001-இல் வந்த ஆய்வில் ஆயுள் கூடவில்லை. மனவேதனையும் வலியும் குறைந்தன, அதுவும் ஆரம்பத்தில் அதிக வேதனையில் இருந்தவர்களுக்கு. எனவே ஆயுளுக்காக யாரையும் குழுவுக்குத் தள்ள வேண்டாம். தன்னைப் புரிந்துகொள்ளும் ஆள் கிடைப்பதற்காகப் போகலாம். எல்லாருக்கும் அது ஒத்துவருவதும் இல்லை. மற்றவரின் கதையைக் கேட்டு இன்னும் பயந்து வந்தவர்கள் என்னிடம் இருக்கிறார்கள். நடத்துபவர் பயிற்சி பெற்றவரா, நோய் திரும்பியவர்களும் திரும்பாதவர்களும் ஒரே குழுவிலா, மருந்தோ மாற்றுச் சிகிச்சையோ யாராவது விற்கிறார்களா, இந்த மூன்றையும் பார்த்துவிட்டு அனுப்புங்கள். மூன்றாவது நடந்தால் அன்றே எழுந்து வந்துவிட வேண்டும்.

குழு ஒத்துவராதவர்களுக்கு வேறு மாதிரி இடங்களும் உண்டு. ஸ்காட்லாந்தில் மேகி கெஸ்விக் ஜென்க்ஸ் என்ற பெண்மணிக்குப் புற்றுநோய் திரும்பிவிட்டது என்று சொன்ன பிறகு, அடுத்த நோயாளி காத்திருந்ததால் ஜன்னல் இல்லாத ஒரு நடைவழியில் உட்கார்ந்து அதை ஜீரணிக்க வேண்டியிருந்தது. அவர் திட்டமிட்டு, அவர் இறந்த மறு வருடம், 1996-இல் எடின்பரோவில் முதல் மையம் திறந்தது. முன்பதிவு வேண்டாம், பணம் வேண்டாம், நோயாளியோ குடும்பத்தாரோ நேராக உள்ளே வந்து சமையலறை மேசையில் உட்காரலாம். பேச விருப்பம் இருந்தால் பேசலாம். உங்கள் பக்கத்தில் இப்படி ஒன்று இல்லாமல் இருக்கலாம். ஆனாலும் மருத்துவமனையின் சமூகப் பணியாளரிடம் "வந்து சும்மா உட்கார்ந்து பேச இடம் இருக்கிறதா" என்று கேட்டுப் பாருங்கள். பல இடங்களில் ஒரு அறையாவது இருக்கிறது, அதைப் பற்றி யாரும் சொல்வதில்லை.

வேலைக்குத் திரும்புவதைப் பற்றி நீங்கள் எழுதவில்லை, இருந்தாலும் வரும். முதல் நாளே முழு நேரம் என்று போனவர்களில் பலர் இரண்டு மாதத்தில் விட்டுவிடுகிறார்கள். அரை நாளில் தொடங்கிக் கூட்டுவதற்கு டாக்டரிடம் கடிதம் வாங்கலாம். கணக்குப் போடும்போது தடுமாறுவது, பேச்சில் சொல் சிக்காமல் நிற்பது எல்லாம் கீமோவுக்குப் பிறகு உண்மையாகவே நடக்கிறது. பெரும்பாலானவர்களுக்கு மாதங்கள் போகப் போகக் குறைகிறது. இதற்கு நிரூபிக்கப்பட்ட மருந்து இல்லை. எழுதி வைப்பதும் ஒரு நேரத்தில் ஒரு வேலை செய்வதும் உதவுகிறது. காப்பீடு, கடன் விஷயங்களில் நாட்டுக்கு நாடு சட்டம் மாறும். பிரான்ஸில் 2016-இலிருந்தே, சிகிச்சை முடிந்து குறிப்பிட்ட காலம் ஆனவர்கள் கடனுக்கான காப்பீடு எடுக்கும்போது பழைய புற்றுநோயைச் சொல்ல வேண்டியதில்லை என்ற உரிமை இருக்கிறது. 2022-இல் அந்தக் காலம் ஐந்து வருடமாகக் குறைந்தது. உங்கள் நாட்டில் என்ன நிலை என்று தெரியாமல் எந்தப் படிவத்திலும் எதையும் மறைத்து எழுத வேண்டாம், பிற்பாடு அது சிக்கலாகும்.

இப்போது உங்களைப் பற்றியும் அப்பாவைப் பற்றியும். கவனித்துக்கொள்பவர்களுக்கான உதவிகளைப் பற்றி 29 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த அலசல் ஒன்று 2010-இல் வந்தது. பயிற்சியும் ஆலோசனையும் அவர்களின் சுமையைக் குறைக்கின்றன, தங்களால் முடியும் என்ற நம்பிக்கையைக் கூட்டுகின்றன. பலன் மிதமானதுதான், ஆனால் இருக்கிறது. நீங்கள் தூங்குவதில்லை என்று கடைசி வரியில், போகிற போக்கில் எழுதியிருந்தீர்கள். அதை முதல் வரியாக எடுத்துக்கொண்டு உங்கள் டாக்டரிடம் உங்களுக்கென்று தனியாக ஒரு நாள் போங்கள். அம்மாவின் ஃபைலைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள்.

அப்பா பேசாமல் இருப்பதற்கு அக்கறை இல்லை என்று பொருள் இல்லை. ஒரு கணவரை எனக்குத் தெரியும். மனைவியின் நோயைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டார். ஆனால் சட்டைப் பையில் இருந்த சிறிய டைரியில், ஒவ்வொரு கீமோ நாளும் மனைவி எத்தனை முறை வாந்தி எடுத்தார், எத்தனை மணிக்குத் தூங்கினார் என்று பொடி எழுத்தில் எழுதி வைத்திருந்தார். எதிரில் உட்கார வைத்து "மனதில் இருப்பதைச் சொல்லுங்கள்" என்றால் இப்படிப்பட்டவர்கள் வாயை மூடிக்கொள்வார்கள். பக்கத்தில் நடந்துகொண்டே, ஏதாவது வேலை செய்துகொண்டே பேசினால் வாய் திறப்பார்கள். அம்மாவின் ஐந்து நிமிட நடையை அப்பாவிடம் ஒப்படையுங்கள். எத்தனை நிமிடம் நடந்தார் என்று ஒரு நோட்டில் அவரே எழுதட்டும்.

அடுத்த செக்கப்புக்குப் போகும்போது பூஜ்யத்திலிருந்து பத்து வரை ஒரு கோடு போட்டு, "இந்த ஒரு வாரத்தில் மனவேதனை எவ்வளவு?" என்று அம்மாவைக் குறிக்கச் சொல்லுங்கள். இது புற்றுநோய் மருத்துவமனைகளில் புழக்கத்தில் உள்ள ஒரு அளவுகோல்தான். நான்கோ அதற்கு மேலோ வந்தால், கூடுதலாகப் பார்க்க வேண்டும் என்று அர்த்தம். அந்தத் தாளை டாக்டர் மேசையில் வைத்து, "இதற்கு யாரிடம் அனுப்புவீர்கள்?" என்று கேளுங்கள். உதவி இருக்கிறதா என்று கேட்டால் இல்லை என்று சொல்லிவிடுவது எளிது. யாரிடம் என்று கேட்டால் ஒரு பெயர் சொல்லியாக வேண்டும். மூன்று மாதம் காத்திருக்கவும் வேண்டாம். வாழ்வதில் அர்த்தமில்லை என்பது போல அம்மா எப்போதாவது பேசினால் அன்றே மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். அப்படி எண்ணம் வருகிறதா என்று அம்மாவிடம் நேரடியாகக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. பயப்படாமல் கேளுங்கள்.

முதலில் அந்தச் சிகிச்சைச் சுருக்கத் தாள் ஃபைலில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் நாளைக்கே மருத்துவமனைக்கு எழுதிக் கேளுங்கள். அக்குளில் எத்தனை முடிச்சுகள் எடுத்தார்கள், மாத்திரையின் பெயர் என்ன என்பதை இங்கே எழுதினால், டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்விகளை இன்னும் குறிப்பாக எழுதித் தருகிறேன்.